வாக்கு ஒன்று, வாய்க்கால் வேறு

(யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிராமமொன்றின் வாசிகசாலை ஆண்டுக் கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரை)



2024 நவம்பர் மாதத்துப் பாராளுமன்றத் தேர்தலின் முடிவுகள் வெளியான மறுநாள், எங்கள் அயலிலே வாழும் கமக்காரப் பெரியவர் ஒருவர் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். வெங்காய விலையைப் பற்றி நாலு வார்த்தை பேசினார். பின்னர் என்னை நோக்கி, “தம்பி, இத்தனை பேர் தேர்தல் கேட்டார்கள்; நாங்களும் வரிசையில் நின்று வாக்குப் போட்டோம். எங்கள் வாக்கெல்லாம் எங்கே போயிற்று?” என்று வினவினார்.

நான் சட்டம் படித்தவன். ஆயினும் அவருக்கு அன்று ஒரே வாக்கியத்தில் விடை கூற என்னால் இயலவில்லை. அந்த விடையைத் தேடிச் சொல்லும் முயற்சியே இன்றைய என் பேச்சு. எந்தக் கட்சிக்கு வாக்களிக்க வேண்டும் என்று கூற நான் இங்கு வரவில்லை. கட்சிகள் எவ்வாறு இயங்குகின்றன, நாம் இடும் வாக்கு எவ்வாறு ஆசனமாக மாறுகின்றது என்பதைக் கூறவே வந்துள்ளேன்.

கமக்காரருக்கு ஒன்றைச் சொன்னால் போதும். கிணற்றில் ஊறும் நீர் ஒன்றே. துலாவால் இறைத்தாலும் இயந்திரத்தால் இறைத்தாலும், எந்தப் பாத்திக்கு எவ்வளவு நீர் சேரும் என்பதை வாய்க்கால் தீர்மானிக்கின்றது. வாக்கு நீரை ஒத்தது. தேர்தல் விதி வாய்க்காலை ஒத்தது. நாம் நீரைப் பற்றியே பேசுகின்றோம். வாய்க்காலை வெட்டியவர் யார், எப்படி வெட்டினார் என்று பார்ப்பதில்லை.

கட்சி என்பது யாது?

1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழ் இந்நாட்டில் ஆண், பெண் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆனால் அன்றைய அரசாங்க சபை கட்சிகளால் நடத்தப்பட்ட சபையன்று. தனி மனிதர் தத்தம் செல்வாக்கால் வென்று நிருவாகக் குழுக்களில் அமர்ந்தனர். 1947ஆம் ஆண்டு முதற் பாராளுமன்றத் தேர்தலிலேயே கட்சி முறை காலூன்றத் தொடங்கியது. அப்போதும் தெரிவு செய்யப்பட்ட 95 பேருள் 21 பேர் சுயேச்சையாளர். 42 ஆசனங்களைப் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சி, அவர்களுட் சிலரையும் பிறரையும் சேர்த்துக்கொண்டே ஆட்சி அமைத்தது.

கட்சி ஏன் வேண்டும் என்பார்க்கு அந்த 1947ஆம் ஆண்டே விடை கூறும். கட்சியில்லாத அங்கத்தவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே பேரம் பேசலாம். ஒருவருக்கு ஒரு பதவி, மற்றொருவருக்கு ஒரு வீதி என்று பிரித்துக் கொடுக்கலாம். கட்சி இருந்தால், சொன்ன சொல்லுக்கு ஒரு கூட்டம் பொறுப்பேற்கும். தவறினால் அடுத்த தேர்தலில் அந்தக் கூட்டத்தைத் தண்டிக்கலாம். வேட்பாளரைத் தெரிதல், மக்களின் பல விருப்பங்களை ஒரு திட்டமாகக் கட்டுதல், ஆட்சியை ஏற்றல் அல்லது ஆட்சியை எதிர்த்துக் கேள்வி கேட்டல் ஆகிய இம்மூன்றும் கட்சியின் தொழில்கள். இவற்றைச் செய்யாத கூட்டம் எத்தனை கொடி பிடித்தாலும் கட்சியாகாது.

பழைய வாய்க்கால்

1947 முதல் 1977 வரை நமது நாட்டில் தொகுதி முறை நிலவியது. சில தொகுதிகள் பல அங்கத்தவர்க்கு உரியனவாயினும், பெரும்பாலும் ஒரு தொகுதியில் அதிக வாக்குப் பெற்ற ஒருவர் வென்றார். ஏனையோரின் வாக்கு மண்ணிற் சுவறியது.

இதன் விளைவை எண்களிற் காண்போம். 1960 யூலைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி நாடளாவிய வாக்குகளில் முதலிடம் பெற்றது. ஆனால் அதற்குக் கிடைத்த ஆசனம் 30. அதனிலும் குறைந்த வாக்குப் பெற்ற சிறீலங்கா சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்த ஆசனம் 75. இடதுசாரிக் கட்சிகளுடன் தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டு, ஒன்றையொன்று எதிர்க்காமல் நின்றமை இதற்கு ஒரு முதன்மைக் காரணமாகும். 1970இல் மீண்டும் அதே காட்சி. ஐக்கிய தேசியக் கட்சி ஏறக்குறைய 38 வீத வாக்குப் பெற்று 151 ஆசனங்களுள் 17ஐ மாத்திரம் பெற்றது. ஏறக்குறைய 37 வீதம் பெற்ற சுதந்திரக் கட்சி 91ஐப் பெற்றது. தோழமைக் கட்சிகளுடன் சேர்ந்து 116 ஆயிற்று. 1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பு இந்தப் பெரும்பான்மையின் மீது எழுந்தது.

1977இல் சக்கரம் மறுபுறம் சுழன்றது. ஏறக்குறைய 51 வீத வாக்கு ஐக்கிய தேசியக் கட்சிக்கு 168 ஆசனங்களுள் 140ஐ அளித்தது. ஏறக்குறைய 30 வீத வாக்குப் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு எட்டே ஆசனங்கள். அதனிலும் மிகக் குறைந்த வாக்குகளைப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களை வென்றது, திரு. அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார்.

இதன் காரணம் யாது? கூட்டணியின் வாக்குகள் வடக்கிலும் கிழக்கிலும் செறிந்து கிடந்தன. சுதந்திரக் கட்சியின் வாக்குகள் நாடெங்கும் பரந்து, தொகுதிக்குத் தொகுதி இரண்டாம் இடத்தில் நின்றன. தொகுதி முறை செறிந்து வாழ்பவனுக்குக் கொடுக்கும். சிதறி வாழ்பவனிடமிருந்து பறிக்கும். மலையகத் தமிழரின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய அம்மக்கள், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் வாக்கிழந்தனர். 1977இல் நுவரெலியா – மசுகெலியா என்னும் பல அங்கத்தவர் தொகுதியிலே திரு. சௌ. தொண்டமான் வெல்லும்வரை அம்மக்களின் குரல் தேர்தல் வழியாக அந்த அவையினுட் செல்லவில்லை.

பிரெஞ்சு அறிஞர் மோரிசு துவெர்சே 1951ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், தொகுதி முறை இரு கட்சிகளை வளர்க்கும் என்றும் விகிதாசார முறை பல கட்சிகளை வளர்க்கும் என்றும் எழுதினார். தென்னிலங்கையில் அது பலித்தது; இரு பெருங் கட்சிகள் மாறி மாறி ஆண்டன. வடக்கு, கிழக்கில் மூன்றாவது ஒன்று நின்றது.

இந்த இரு கட்சிப் போட்டி நமக்கு எதனைத் தந்தது? 1957இல் திரு. பண்டாரநாயக்கா திரு. செல்வநாயகத்துடன் உடன்படிக்கை செய்தார். எதிர்க்கட்சியாயிருந்த ஐக்கிய தேசியக் கட்சி அதனை எதிர்த்துக் கண்டிக்கு நடைப்பயணம் தொடங்கியது. 1958இல் உடன்படிக்கை கைவிடப்பட்டது. 1965இல் திரு. டட்லி சேனநாயக்கா ஓர் உடன்பாடு செய்தார். 1966 சனவரியில் தமிழ்மொழி விதிகள் பாராளுமன்றத்துக்கு வந்தபோது, சுதந்திரக் கட்சியும் இடதுசாரிகளும் எதிர்த்து வீதியில் இறங்கினர். மாவட்ட சபைகளும் அமையவில்லை. இதனைத் தனி மனிதரின் துரோகம் என்று மட்டும் விளக்கினால் பாதி உண்மை மறைந்துவிடும். ஒரே சமூகத்தின் வாக்குக்கு இருவர் போட்டியிடும்போது, ஆட்சியிலிருப்பவர் பிறருக்குக் கொடுக்கும் எதுவும் எதிரிலிருப்பவருக்கு ஆயுதமாகின்றது. ஆள் மாறினாலும் இந்த இயந்திரம் அவ்வாறே சுழலும்.

புதிய வாய்க்கால்

1978ஆம் ஆண்டு யாப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. 1982இல் பொதுத் தேர்தலுக்குப் பதிலாக மக்கள் தீர்ப்பு ஒன்று நடத்தப்பட்டுப் பாராளுமன்றத்தின் ஆயுள் நீட்டப்பட்டமையால், புதிய முறையிலான முதற் பாராளுமன்றத் தேர்தல் 1989இலேயே நடைபெற்றது. மொத்த ஆசனங்கள் 225. இவற்றுள் 196 ஆசனங்கள் 22 தேர்தல் மாவட்டங்களுக்கு உரியன. 29 தேசியப் பட்டியலுக்கு உரியன.

மாவட்டத்தில் எண்ணும் முறையைக் கவனமாகக் கேளுங்கள். பெரியவரின் கேள்விக்கு விடை இதிலேயே இருக்கின்றது. முதலாவதாக, மாவட்ட வாக்கில் நூற்றுக்கு ஐந்து பெறாத பட்டியல்கள் நீக்கப்படும். இரண்டாவதாக, அதிக வாக்குப் பெற்ற பட்டியலுக்கு ஓர் ஆசனம் மேலதிகமாக வழங்கப்படும். மூன்றாவதாக, எஞ்சிய ஆசனத் தொகையால் எஞ்சிய வாக்குகளை வகுத்து, அந்த ஈவின்படி ஆசனங்கள் பங்கிடப்படும். மிகுதி ஆசனங்கள் பெரிய மீதியை உடையவர்க்குச் செல்லும்.

ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். ஒரு மாவட்டத்தில் 6 ஆசனம். ஒரு இலட்சம் வாக்கு. முதலாம் கட்சி 29,500. இரண்டாம் கட்சி 24,000. மூன்றாம் கட்சி 12,000. நான்காம் கட்சி 10,500. மீதியான 24,000 வாக்குகளை ஆறு சிறு குழுக்கள் தலைக்கு 4,000 வீதம் பெறுகின்றன. ஆறு குழுக்களும் ஐந்து வீதத்துக்குக் கீழே நிற்பதால் அந்த 24,000 வாக்கும் கணக்கிலிருந்து விழுந்துவிடும். எஞ்சியது 76,000. முதலாம் கட்சிக்கு மேலதிக ஆசனம் ஒன்று. எஞ்சிய 5 ஆசனத்தால் வகுத்தால் ஈவு 15,200. முதலாம் கட்சிக்கும் இரண்டாம் கட்சிக்கும் ஒவ்வொன்று. மிகுதி மூன்றும் பெரிய மீதியுடைய முதலாம், மூன்றாம், நான்காம் கட்சிகளுக்கு. முடிவில் முதலாம் கட்சிக்கு 3. ஏனைய மூன்றுக்கும் ஒவ்வொன்று. முப்பது வீதமும் பெறாதவர் பாதி ஆசனங்களைப் பெற்றார். 24,000 பெற்றவரும் 10,500 பெற்றவரும் சமமாயினர்!

இனி அந்த ஆறு குழுக்களும் ஒரே பட்டியலில் நின்றிருந்தால்? எல்லா வாக்கும் கணக்கில் நிற்கும். ஈவு 20,000 ஆகும். முதலாம் கட்சிக்கு 2. ஏனைய நான்கு பட்டியல்களுக்கும் ஒவ்வொன்று. வாக்காளர் ஒருவரேனும் மனம் மாறவில்லை. வாய்க்கால் மாத்திரம் மாறியது. ஓர் ஆசனம் இடம் மாறியது.

இது வெறுங் கற்பனையன்று. 2024இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் 6 ஆசனங்களுக்கு நாற்பதுக்கு மேற்பட்ட பட்டியல்கள் போட்டியிட்டன. ஏறக்குறைய 25 வீத வாக்குப் பெற்ற தேசிய மக்கள் சக்தி 3 ஆசனங்களை வென்றது. ஏறக்குறைய 19 வீதம் பெற்ற தமிழரசுக் கட்சிக்கு ஒன்று. ஒன்பது வீதத்துக்குச் சற்றுக் குறைவாகப் பெற்ற தமிழ்க் காங்கிரசுக்கும் ஒரு சுயேச்சைக் குழுவுக்கும் ஒவ்வொன்று. வென்றவர் களவு செய்து வெல்லவில்லை, விதிப்படியே வென்றனர். அவர்களுக்கு வாக்களித்தோர் பலரும் நம் அயலவர்களே. பழைய கட்சிகள் மீது கொண்ட மனக்கசப்பால் வாக்களித்தவர்கள் அவர்களுள் உண்டு. அந்தக் கசப்பையும் நாம் மதிக்க வேண்டும். ஆனால் ஐந்து வீதத்தை எட்டாத பட்டியல்களுக்கு இட்ட வாக்குகள் எங்கே போயின என்றால், ஐயா, அவை எண்ணப்பட்டன. எண்ணிய பின் ஒதுக்கப்பட்டன.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2010இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 9 ஆசனங்கள் இருந்தன. 2015இல் 7, 2024இல் 6. மாவட்ட ஆசனங்களுட் பெரும்பகுதி பதிவு செய்யப்பட்ட வாக்காளர் தொகைக்கேற்பப் பங்கிடப்படுவதே இதன் காரணம். போரும் புலப்பெயர்வும் நமது இடாப்பை வெறுமையாக்கின. தலைவர் எவர் வந்தாலும் இல்லாத வாக்காளரைக் கொண்டு ஆசனம் பெறமுடியாது.

கட்சியின் உள்வீடு

விதியைப் பற்றிக் கூறினேன். இனிக் கட்சியின் உள்ளே செல்வோம்.

1911இல் றொபேட் மிக்கெல்சு என்னும் சமூகவியலறிஞர் செருமனியின் சமூக சனநாயகக் கட்சியை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். சனநாயகத்துக்காகவே தோன்றிய அக்கட்சியினுள்ளும் அதிகாரம் சிலர் கையிலேயே சேர்ந்தது என்று கண்டார். அமைப்பு பெருகப் பெருக, கோப்பு வைத்திருப்பவரும் நிதி வைத்திருப்பவரும் மேடை வைத்திருப்பவரும் நிலைபெற்றுவிடுவர் என்றும், இது இரும்பு விதி போன்றது என்றும் கூறினார். கூட்டுறவுச் சங்கம் நடத்திய அனுபவமுடையோர் இதனைப் புத்தகம் படியாமலே அறிவர். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு யாரும் வராவிட்டால், அடுத்த ஆண்டும் அதே ஐவர்தான்.

நமது சட்டம் இந்த இரும்பை மேலும் உருக்கேற்றுகின்றது. 6 ஆசன மாவட்டத்தில் ஒரு கட்சி 9 வேட்பாளரை நிறுத்தவேண்டும். அந்த ஒன்பது பேர் யார்? வேட்புமனுவிற் கையொப்பமிடும் அதிகாரம் கட்சிச் செயலாளருடையது. கட்சி பிளவுபடும்போது செயலாளர் பதவிக்கு வழக்கு நடப்பதன் இரகசியம் இதுவே. தேசியப் பட்டியல் ஆசனத்துக்கு எவரை அனுப்புவது என்பதையும் கட்சியே பெயர் குறித்து அறிவிக்கின்றது. நீங்களும் நானும் வாக்களிக்கு முன்பே, ஓர் அறைக்குள் ஒரு தேர்தல் நடந்து முடிந்துவிடுகின்றது.

பட்டியலுக்கு வாக்களித்தபின் மூவருக்கு விருப்பு வாக்கு அளிக்கும் உரிமை நமக்குண்டு. அது நல்ல உரிமையே. ஆனால் அதன் மறுபக்கமும் உண்டு. ஒரே கட்சியின் வேட்பாளர்கள் எதிர்க் கட்சியை விட்டு ஒருவரோடொருவர் பொருதுகின்றனர். மாவட்டம் முழுவதும் தனித்தனியே பிரசாரம் செய்யப் பணம் வேண்டும். பணம் கொடுத்தவன் சும்மா கொடான். 2023ஆம் ஆண்டின் தேர்தற் செலவு ஒழுங்குபடுத்தற் சட்டம், பெறுபேறு வெளியாகி 21 நாட்களுக்குள் வேட்பாளர் கணக்குக் காட்டவேண்டும் என்கின்றது. நம்முள் எத்தனை பேர் அக்கணக்கைக் கேட்டோம்?

கட்சி மாறுவோரைப் பற்றியும் ஒரு சொல். கட்சியால் நீக்கப்பட்டவர் ஆசனத்தை இழப்பார் என்று யாப்பு கூறுகின்றது. ஆனால் அவர் உயர் நீதிமன்றம் செல்லலாம். நீக்கிய முறை தவறாயின் ஆசனம் அவருக்கே நிலைக்கும். உரிய விசாரணையின்றி அவசரமாக நீக்கிய கட்சிகள் நீதிமன்றத்தில் தோற்றன. கட்சி தன் அங்கத்தவரிடம் நியாயமாக நடக்கப் பழகாவிடில், நம்பிக்கை மோசம் செய்தவரைக்கூட அதனால் தண்டிக்க முடியாது.

விதி எல்லாமன்று

விகிதாசார முறை வந்தால் எவரும் மூன்றிலிரண்டு பெறமுடியாது என்று நெடுங்காலம் கூறப்பட்டது. 2020இல் பொதுசன பெரமுன 145 ஆசனங்கள் பெற்று அந்த 150ஐ நெருங்கியது. 2024இல் தேசிய மக்கள் சக்தி 159ஐப் பெற்று அதனைத் தாண்டியது. இன்னொரு விந்தை பாருங்கள்: 2020இல் மூன்று ஆசனம் பெற்ற கூட்டு 2024இல் 159 பெற்றது, 2020இல் 145 பெற்ற கட்சி 2024இல் மூன்றே பெற்றது. 2022ஆம் ஆண்டின் பொருளாதாரச் சரிவும் மக்கள் எழுச்சியும் இடையில் நிகழ்ந்தன. மக்கள் மனம் முழுதாய்த் திரும்பினால் எந்த வாய்க்காலும் அணை கட்டாது. ஆயினும் அத்தகைய வெள்ளம் எப்போதும் வருவதன்று. சாதாரண காலத்தில், எண்ணிக்கையிற் குறைந்த மக்களுக்கு விதியே உயிர்.

விதி மாறும் காலத்தில் விழிப்பாக இராவிட்டால் என்ன நேரும் என்பதற்கு மாகாண சபையே சான்று. 2017இல் மாகாண சபைத் தேர்தல் முறையைக் கலப்பு முறையாக மாற்றச் சட்டம் நிறைவேறியது. புதிய தொகுதிகளை வகுத்த அறிக்கையை 2018இல் பாராளுமன்றம் நிராகரித்தது. பழைய முறை நீங்கியது. புதிய முறை பிறக்கவில்லை. 2013இல் மக்கள் தெரிந்த வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பின் பல ஆண்டுகள் தேர்தலே இல்லை. ஆளுநரும் அதிகாரிகளும் நடத்தினர். ஒரு வேட்டும் தீராமல், ஒரு சட்டமும் மீறப்படாமல், வாக்குரிமை ஒன்று உறங்கிப்போயிற்று.

நாம் செய்யக்கூடியவை

பெரியோர்களே, பெரிய காரியங்களைத் தலைவர்கள் செய்யட்டும். நாம் செய்யக்கூடிய சிறிய காரியங்கள் சில உண்டு.

முதலில், இடாப்பு. ஆண்டுதோறும் பெயர் பதியும் காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் பதினெட்டு நிறைந்த பிள்ளையின் பெயர் பதியப்பட்டதா என்று பாருங்கள். இந்த வாசிகசாலை இளைஞர் கிராம உத்தியோகத்தருடன் சேர்ந்து வீடு வீடாகச் செல்லலாம். ஆசனம் அங்கேதான் முளைக்கின்றது.

அடுத்து, வேட்பாளர் தெரிவு. நீங்கள் விரும்பும் கட்சி எதுவாயினும் அதில் அங்கத்தவராகிக் கிளைக் கூட்டத்துக்குச் செல்லுங்கள். “எங்கள் பகுதி வேட்பாளரைத் தெரிந்தது யார்? எங்களைக் கேட்டீர்களா?” என்று எழுத்திற் கேளுங்கள். வைத்தியரும் ஆசிரியரும் பொறியியலாளரும் அரசியல் அழுக்கென்று ஒதுங்கி நின்றால், ஒதுங்காதவர் அந்த அறையை நிரப்புவர்.

மூன்றாவதாக, பட்டியல்களின் பெருக்கம். தனியே நிற்பது எவருக்கும் உள்ள உரிமை. ஆயினும் வாக்குக் கேட்டு வரும் சிறு குழுவிடம், “ஐந்து வீதத்தை எட்டுவீர்களா? எட்டாவிட்டால் எங்கள் வாக்கு என்னாகும்?” என்று கணக்குக் கேளுங்கள். பெரிய கட்சியிடமும், “அவர்களை உங்களுடன் சேர்க்க முடியாமைக்குக் காரணம் கொள்கையா, கதிரையா?” என்று கேளுங்கள். பிரிந்தவனை மட்டும் குறை கூறுவது நீதியாகாது; இடம் கொடாதவனையும் கேட்கவேண்டும்.

இறுதியாக, விதி. தேர்தல் முறையை மாற்றப் போகின்றோம் என்று எந்த அரசாங்கம் கூறினாலும், அந்த முறையில் முந்திய தேர்தலின் வாக்கை இட்டு எண்ணிப் பாருங்கள். நமக்கு என்ன, முசுலிம் மக்களுக்கு என்ன, மலையக மக்களுக்கு என்ன என்று பாருங்கள். செறிந்து வாழும் நமக்கு நன்மை தருவது சிதறி வாழும் அவர்களுக்குத் தீமையாகலாம். நமக்கு மட்டும் நீர் பாயும் வாய்க்காலைக் கேட்பவன் நல்ல கமக்காரனல்லன்.

அந்தப் பெரியவர் இன்று இந்த அவையின் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். ஐயா, உங்கள் கேள்விக்கு என் விடை இது. உங்கள் வாக்கு தொலைந்துபோகவில்லை. நாம் பார்க்காத ஒரு வாய்க்கால் வழியே அது ஓடியது. உங்கள் தோட்டத்தில் இறைப்பு நடக்கும் நேரத்தில், நீர் எங்கே பாய்கின்றது என்று பாராமல் நீங்கள் ஒரு நாளும் வீட்டிற் படுத்திருந்ததில்லை. அந்த விழிப்பில் ஒரு சிறு பங்கை வாக்குக்கும் கொடுத்தால் போதும்.